ஆள் உயர உலக உருண்டை: காகிதக்கூழா, ஃப்ளெக்ஸா, காடாத் துணியா?

முதலில் வகுப்பறைக் கதவை அளந்துவிடுங்கள். உலகத்தை அப்புறம் அளக்கலாம்.

எங்கள் அறிவியல் மன்றத்துப் பிள்ளைகள் இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு ஆள் உயரத்தில் ஒரு உலக உருண்டை செய்வது, உள்ளே விளக்கு எரிவது என்று முடிவெடுத்தார்கள். அதோடு ஒற்றுமை தீர்ந்தது. கொலு பொம்மை மாதிரி காகிதக்கூழில் செய்யலாம் என்றாள் ஒருத்தி. காற்றிலேயே படம் காட்டும் சுழல் எல்இடி வேண்டும் என்றான் ஒருவன், யூடியூபில் பார்த்திருக்கிறான். இன்னொருவனின் அப்பா ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறார், அவன் யோசனையைச் சொல்ல வேண்டியதில்லை. திருவிழா சீரியல் செட், ஊதிய பலூன், மூங்கில், கம்பி என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வேறு பள்ளிகளிலும் இதே பேச்சு எழலாம். நாங்கள் கூட்டிக் கழித்துப் பார்த்த கணக்கை அப்படியே எழுதிவைக்கிறேன்.

எவ்வளவு பெரிசு?

பிள்ளைகள் கேட்டது 2 மீட்டர் விட்டம். நான் ஒன்றரை மீட்டரில் நிறுத்தினேன். கோளத்தின் மேற்பரப்பு விட்டத்தின் இருமடியில் வளரும். ஒன்றரை மீட்டர் உருண்டைக்கு 7.1 சதுர மீட்டர் போதும். 2 மீட்டருக்கு 12.6 வேண்டும். அரை மீட்டர் ஆசைக்கு முக்கால் பங்கு கூடுதல் துணி, கூடுதல் வண்ணம், கூடுதல் விளக்கு.

அடுத்தது கதவு. எங்கள் வகுப்பறைக் கதவு நாலடி. ஐந்தடி உருண்டையை உள்ளே முழுசாகச் செய்துவிட்டால் அது அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான். ஆகவே எதில் செய்தாலும் நிலநடுக்கோட்டில் இரண்டாகப் பிரிய வேண்டும். அரைக்கோளத்தின் ஆழம் முக்கால் மீட்டர்தான், பக்கவாட்டில் திருப்பினால் கதவைத் தாண்டிவிடும், குட்டியானை வண்டியிலும் ஏறும். (செட்டிநாட்டுப் பெரிய வீடுகளின் நிலைக்கதவை நம்பித் திட்டம் போடாதீர்கள். செதுக்கு வேலை முக்கால், போகிற வழி கால்.)

இந்த அளவில் 1 செ.மீ. என்றால் ஏறக்குறைய 85 கி.மீ. இந்தியா வடக்கு தெற்காக 38 செ.மீ. நீளத்தில் வரும். எவரெஸ்ட் 1 மில்லிமீட்டர்; எனவே இமயமலையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் எழுப்பும் யோசனையை அன்றே கைவிட்டோம். பூமி துருவங்களில் தட்டை என்று படித்துவிட்டு ஆரஞ்சுப் பழம் மாதிரி அமுக்கவும் வேண்டாம், மொத்த வித்தியாசமே 5 மி.மீ. தான். செட்டிநாடு முழுவதும் ஒரு மிளகில் மறைந்துவிடும். ஆனால் காரைக்குடிக்கும் ரங்கூனுக்கும் இடையே ஒரு சாண். சைகோனுக்கு ஒன்றரைச் சாண். கொள்ளுத்தாத்தா கடல் கடந்து தொழில் செய்ய, எங்கள் பேச்சில் "கொண்டுவிக்க"ப் போன கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் விரலை விரித்து அளந்து பார்த்தார்கள். ஒரு மீட்டருக்குக் கீழே போயிருந்தால் இந்தச் சுகம் கிடைத்திருக்காது.

சீக்கிரம் கழிந்த மூன்று

சுழல் எல்இடி பார்க்க அழகு. ஒரு வளையத்தில் விளக்குகளைப் பதித்து வேகமாகச் சுற்றினால், ஒரு காட்சி மறையும் முன் அடுத்தது வந்துவிடுவதால் கண்ணுக்கு முழு உருண்டையாகத் தெரியும். படம் துடிக்காமல் இருக்க நொடிக்குப் பதினைந்து சுற்றாவது வேண்டும். ஒன்றரை மீட்டர் வளையத்தின் சுற்றளவு 4.7 மீட்டர். பதினைந்தால் பெருக்குங்கள்: விளிம்பு மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் ஓடும். பிள்ளைகள் கூடி நிற்கிற இடத்தில் அப்படி ஒரு கம்பி வளையத்தைச் சுழல விடுவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஓரடி விட்டத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் செய்தால் அருமையான திட்டம். யோசனை சொன்னவனிடம் அதைத் தனியாகச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

ஊதிய பலூன் வகை: நைலான் துணியைத் தைத்து அடியில் ஒரு ஊதுவிசிறி. கனமே இல்லை, மடித்துப் பையில் போடலாம். கரண்ட் போனால் பூமியும் போய்விடும். மேலும் தையற்காரர் கையில் எல்லா வேலையும் முடிந்துவிடும்.

சீரியல் செட்டிலும் அதே குறைதான். நம் ஊர்த் திருவிழாக்களில் மூங்கில் சட்டத்தில் சீரியல் விளக்குகளைக் கோத்து மயிலும் கோபுரமும் எழுப்புகிறவர்கள் ஓர் இரவில் உலகத்தையும் எழுப்பிவிடுவார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொன்றும் உண்டு. பழைய சீரியலில் ஒவ்வொரு பல்பும் சில வோல்ட் அளவுதான் என்பதால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். வரிசையாகக் கோத்திருப்பதால்தான் பல்புக்குச் சில வோல்ட். ஒயரில் ஓடுவது வீட்டு மின்சாரத்தின் முழு 230 வோல்ட். காப்பு கிழிந்த இடத்தில் கை பட்டால் அந்த 230தான் பேசும்.

காகிதக்கூழ்

இதைச் சட்டென்று தள்ள எனக்கு மனமில்லை. மதுரைப் பக்கம் விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்களின் கைவேலையைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். செலவும் குறைவு: பழைய செய்தித்தாள், மைதா பசை, பூச்சி வராமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம். துத்தம் நஞ்சு, அதைக் கலக்குவது ஆசிரியர் வேலை. ஆனால் ஐந்தடி உருண்டைக்கு அச்சு வேண்டுமே. கடையில் கிடைக்கும் பெரிய பலூன் மூன்றடியோடு நின்றுவிடுகிறது. அதைவிட முக்கியம் மழை. சில வருஷங்களுக்கு முன் ஐப்பசியில் ஒரு காகிதக்கூழ் உருண்டையை ஆரம்பித்தோம். ஒரு அடுக்கு காய்வதற்குள் அடுத்த மழை. பத்தாம் நாள் ஆப்பிரிக்காவில் பச்சைப் பூஞ்சை பிடித்தது. காடு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றான் ஒருவன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதக்கூழ் வெளிச்சத்தை விடாது. உள்ளே விளக்கெரிந்து என்ன பயன்? ஒரு வழி இருக்கிறது. உருண்டைக்குக் கறுப்பு அடித்து, நகரங்கள் இருக்கும் இடத்தில் ஊசியால் துளையிட்டால், இரவில் விண்வெளியிலிருந்து பார்க்கிற பூமி கிடைக்கும். நைல் நதி ஓரம் ஒளிக்கோடாக வரும், சகாரா இருண்டு கிடக்கும். கோடையில் செய்கிறவர்கள், மூன்றடி போதும் என்கிறவர்கள் தாராளமாக இதைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் கண்காட்சி மழைக்காலத்தை ஒட்டி வருகிறது.

ஃப்ளெக்ஸுக்கும் காடாவுக்கும் நடந்த வழக்கு

மிச்சமிருந்தது கம்பிக் கூட்டின் மேல் தோல் போர்த்துகிற வழி. தோல் எது என்பதில்தான் ஒரு வாரம் போனது.

உட்புற விளக்கு வைக்கும் கடைப் பலகைகளுக்கென்றே பேக்லிட் ஃப்ளெக்ஸ் இருக்கிறது. வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும், நிறம் மங்காது, மழை பட்டாலும் கவலையில்லை. வரைபடம் அச்சுப் பிசகாமல் வரும். மேற்பரப்பு 76 சதுர அடி. வெட்டுச் சேதாரத்தோடு நூறு என்று வைத்து உங்கள் ஊர் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் வேலை முடியும். அவசரத்தில் இருக்கிற பள்ளிக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

எனக்கு உறுத்தியது இரண்டு. ஃப்ளெக்ஸ் இழுத்தால் நீளாது. தட்டையான தாளைக் கோளத்தின் மேல் ஒட்டவைக்க முடியாது என்பதால், ஆரஞ்சுச் சுளை மாதிரி இதழ் இதழாக வெட்டித்தான் போர்த்த வேண்டும். நீளாத தாளில் ஒவ்வொரு இதழின் ஓரமும் சுருங்கி நிற்கும். உள்ளே விளக்கைப் போட்டதும் அந்தச் சுருக்கமெல்லாம் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது, அச்சடித்த உலகத்தில் பிள்ளைகளுக்கு என்ன வேலை? ஆணி அடிப்பதா?

காடாத் துணி அதற்கு நேர்மாறு. வெளுக்காத பருத்தி, கொஞ்சம் கொடுத்து வாங்கும், இதழின் ஓரம் வளைவோடு படியும். முதல் தடவை நனைந்ததும் சுருங்குவது காடாவின் குணம். சட்டை தைத்தவர்கள் அனைவரும் திட்டுகிற அந்தக் குணம் இங்கே உதவும். நனைக்காமலேயே தைத்துக் கூட்டில் மாட்டி, பிறகு தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் மத்தளத் தோல் மாதிரி விறைக்கும். பென்சிலில் படத்தை முன்பே எடுத்துவிட வேண்டும். வண்ணம் மட்டும் காய்ந்த பிறகு.

வண்ணத்தில்தான் நாங்கள் ஏமாந்தோம். போஸ்டர் கலரில் அழகான நீலக் கடலைச் சோதனைத் துண்டில் தீட்டினார்கள். பின்னால் பல்பைப் பிடித்தால் கடல் சேற்றுக் கறுப்பு. அடர்ந்த வண்ணம் வெளிச்சத்தை மறைக்கிறது. வெள்ளை வண்ணம்கூட உள்ளிருந்து வெளிச்சம் வருகையில் இருட்டுத்தான். துணிச் சாயத்தை நீர்க்கக் கரைத்துப் பூசியபோதுதான் நீலம் நீலமாக எரிந்தது. பகலில் சோகையாகத் தெரியும், விளக்கைப் போட்டதும் உயிர் வரும். பெரிய வீடுகளின் வளைவுக்கு மேலே பதித்த வண்ணக் கண்ணாடியும் அப்படித்தானே, தெருவிலிருந்து பார்த்தால் வெறும் அழுக்குக் கண்ணாடி.

கண்ணாடியிலேயே உலகம் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1935இல் கட்டிய மாப்பேரியம் 608 வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் ஆன 30 அடிக் கோளம். விளக்கு வெளியே இருக்கிறது, பார்க்கிறவர்கள் உள்ளே ஒரு பாலத்தில் நடக்கிறார்கள். எல்லைக் கோடுகளை மாற்றாமல் 1935இன் உலகத்தையே வைத்திருக்கிறார்கள். நமக்குக் கண்ணாடி ஆகாது என்றாலும், ஒளி ஊடுருவுகிற நிறம்தான் முக்கியம் என்ற பாடம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் தோலானாலும், இணையத்தில் கிடைக்கிற உலகப் படத்தை எடுத்து அப்படியே வரைந்துவிடாதீர்கள். பலவற்றில் காஷ்மீர், அருணாசலப் பிரதேச எல்லைகள் வேறாக இருக்கும். சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் வரைபடத்துக்கு மாறாக இந்திய எல்லையை வெளியிடுவது சட்டப்படி குற்றம். கண்காட்சிக்கு வருகிற அதிகாரி முதலில் பார்ப்பதும் அதைத்தான்.

கூடு

மூங்கிலா, பிவிசி குழாயா, கம்பியா?

மூங்கில் பிளாச்சுதான் என் முதல் ஆசை. கனமில்லை, வெல்டிங் வேண்டாம், கட்டுக்கம்பியால் பிள்ளைகளே கட்டலாம். கணு இருக்கும் இடம் வளைய மறுக்கும், மெலிந்த இடம் அதிகம் வளையும். இருபது பிளாச்சும் இருபது விதமாக வளைந்தால் கிடைப்பது பறங்கிக்காய். கூடை முடைகிறவர் ஒருவர் கூட இருந்தால் இந்தக் குறை தீரும். எங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் வைக்கிற பிவிசி குழாய் சீராக வளையும், ஆனால் எப்போதும் நிமிரப் பார்க்கும், வெயிலில் தளரும்.

6 மி.மீ. கம்பிக்கு வந்து சேர்ந்தோம். நிலநடுக்கோட்டில் சுற்றிலும் 24 கம்பி. பன்னிரண்டு போதாதா என்று வெல்டிங் பட்டறையில் கேட்டார்கள். இரண்டு கம்பிக்கு நடுவே துணி தட்டையாகத்தான் நிற்கும். பன்னிரண்டென்றால் அந்த இடத்தில் உருண்டை இரண்டரை செ.மீ. உள்ளே போய்விடும், இருபத்துநாலென்றால் 6 மி.மீ. தான், கண்ணுக்குத் தெரியாது. இருபத்துநாலும் துருவம் வரை போனால் அங்கே குப்பையாகச் சேரும். அறுபதாவது அட்சத்தில் சுற்றளவு பாதியாகிவிடுவதால், ஒன்றுவிட்டு ஒன்றை அங்கே போடுகிற வளையத்தோடு நிறுத்திவிடலாம். நிலநடுக்கோடு, 30, 60 என மூன்று வளையங்களையும் சேர்த்தால் அரைக்கோளத்துக்கு 35 மீட்டர், மொத்தம் 70. எடைக்குக் கட்டடம் கட்டுகிறவர்களின் பழைய சூத்திரம்: விட்டத்தின் இருமடியை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். மொத்தம் பதினைந்தரை கிலோ. நாலு பிள்ளைகள் தூக்கலாம். 8 மி.மீ. கம்பி போட்டால் 27 கிலோவைத் தாண்டிவிடும், வேண்டாம்.

இருபத்துநாலில் இன்னொரு லாபம். ஒவ்வொரு இதழும் 15 பாகை, அதாவது ஒரு மணி நேரம். விளக்கைப் போட்டதும் கம்பியின் நிழல் துணியில் தீர்க்கக் கோடாக விழும். நம் இதழ் கிழக்கே 75 முதல் 90 வரை, அதன் சரி நடுவில் ஓடுகிறது இந்திய நேரத்துக்குரிய 82.5 பாகைக் கோடு. காரைக்குடிப் புள்ளி அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. மேற்கே விழும். அந்த 5 செ.மீ.க்காகத்தான் நம் ஊர் உச்சிவெயில் சராசரியாகப் பன்னிரண்டே காலுக்கு வருகிறது. கம்பி நிழலை இந்தக் கூட்டின் தவிர்க்க முடியாத குறை என்றுதான் முதலில் நினைத்திருந்தோம்.

இதழின் அகலம் கணக்கிடப் பத்தாம் வகுப்புக் கோண அளவு போதும்: நிலநடுக்கோட்டில் 19.6 செ.மீ., மற்ற இடங்களில் அதை அட்சத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். 45இல் 13.9, அறுபதில் 9.8. உயரம் 118 செ.மீ. அரைக்கோளத்துக்கு 24, ஆக 48 இதழ். தையலுக்கு ஓரம் விட மறந்தால் மறுபடி துணிக்கடைக்குப் போக வேண்டும்.

விளக்கு

குண்டு பல்பு கூடவே கூடாது. வாங்குகிற மின்சாரத்தில் பெரும்பங்கை வெப்பமாக்கும். மூடிய துணிக்குள் அது அடுப்பு. கம்பி தோறும் எல்இடி ஸ்ட்ரிப் ஒட்டுவது இப்போது நாகரிகம். துணிக்கு நெருக்கமாக இருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும், நாடா நீண்டால் கடைசிப் பகுதி மங்கும். நடுவே ஒரு குழாயை அச்சாக நிறுத்தி, அதில் எல்லாப் பக்கமும் பார்க்க எட்டு 9 வாட் எல்இடி பல்பு பொருத்துவது எளிது, ஒளியும் சீர். இரும்புக் கூட்டை நூறு பிள்ளைகள் தொடுவார்கள் என்பதால், சோலார் கடைகளில் விற்கிற 12 வோல்ட் பல்பையே வாங்கினோம். மொத்தம் 72 வாட், 6 ஆம்பியர். ஒயர் மெல்லியதாக இருக்கக் கூடாது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே நேராக எரியும்.

பகல் வெளிச்சத்தில் இது எடுபடாது என்பதை முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். உச்சி வெயிலின் வெளிச்ச அளவு ஒரு லட்சம் லக்ஸ், நம் எட்டு பல்பு அதற்கு முன் ஒன்றுமில்லை. இருட்டடித்த அறை, அல்லது மாலை ஆறு மணிக்கு மேல்.

இந்த இடத்தில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்ட கேள்விதான் எங்கள் திட்டத்தையே மாற்றியது. "உள்ள லைட்டு எரிஞ்சா உலகம் முழுக்கப் பகலா இருக்குமே, சார். ராத்திரி எங்க?"

பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. நடுக்குழாய் அசையாமல் நிற்கட்டும். அதில் கறுப்பு சன்பேக் பிளாஸ்டிக் அட்டையில் 1.4 மீட்டர் வட்டத்தட்டு ஒன்றை நெட்டுக்குத்தாகப் பொருத்தி, பல்புகளை அதன் ஒரு பக்கம் மட்டும் வைத்தோம். அரைப் பூமி பகல், அரைப் பூமி இரவு. கூடு மட்டும் குழாயைச் சுற்றிச் சுழலும்: அடியில் ஒரு பேரிங், மேலே ஒரு வளையம், கையால் தள்ளினால் போதும். பல்பு சுழலாததால் ஒயர் முறுக்கிக்கொள்ளும் தொல்லையும் இல்லை. மோட்டார் வைத்திருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டோம். ஜப்பான் விடிந்து, ரங்கூன் விடிந்து, அப்புறம் நாம் விடிகிறோம். தட்டு அச்சோடு ஒட்டி நின்றால் பகலிரவு சமமான மார்ச், செப்டம்பர் நாட்கள். அச்சிலிருந்து 23.4 பாகை சாய்த்தால் ஒரு பக்கம் மார்கழி நீள் இரவு, மறுபக்கம் ஆனி நீள் பகல். தட்டில் இரண்டு துளை கூடுதலாகப் போட்டால் போதும். சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நம் தலைக்கு நேர்மேலே சூரியன் வருவதைக் காட்ட 10 பாகையில் இன்னொரு துளை போடச் சொல்லியிருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரரின் மகன் முகம் வாடியிருந்தது. அவனுக்கும் வேலை வந்தது: இதழ்களின் கோட்டுப்படத்தை முழு அளவில் சாதாரணத் தாளில் அச்சடித்துக் கொடுப்பது. அதைக் காடாவுக்கு அடியில் வைத்து, கண்ணாடி மேசைக்குக் கீழே விளக்கெரிய விட்டு, பிள்ளைகள் பென்சிலில் எடுக்கிறார்கள். அப்பா தாள் சுருளோடு பள்ளிக்கே வந்திருந்தார்.

"உலகத்தையே அடிச்சுத் தர்றேன்னேன், வெறும் கோடு போதும்கிறீங்களே, சார்" என்றார். மகன் அதற்குள் ஆஸ்திரேலியாவை விரித்துவிட்டான்.